கப்பல் அண்ணனும் பச்சைக் காம்பும்

தேனி மாவட்டத்தில் கடல் இல்லாதது இயற்கையின் குற்றம் என்று நம்பி, அதன் மேல் வழக்குப் போடத் தயாராக இருந்த ஒரே மனிதர் எங்கள் கப்பல் அண்ணன்தான்.

சட்டக் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கப்பல் சரக்குச் சட்டம் முழுவதும் மனப்பாடம். டவுன் பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அலை" என்பார். கண்டக்டர்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

கொச்சியில் மாணவர்களுக்கான மாதிரி வழக்காடும் போட்டி. கற்பனையான ஒரு கப்பல் வழக்கைக் கொடுப்பார்கள். ஒரு சுற்றில் சரக்குக்காரருக்காகவும் அடுத்ததில் கப்பல்காரருக்காகவும் நடுவர்கள் முன்னால் வாதாட வேண்டும். எங்கள் அணியில் அண்ணனும் நானும் மட்டும். அவருக்கு அது கடைசி வருடம். எங்கள் கல்லூரி முதல் சுற்றைத் தாண்டியதே இல்லை.

பயிற்சிக்கு ஞாயிறுதோறும் வைகை அணைக்கு இழுத்துப் போவார்.

"லைப்ரரியில பேசுனா ஆகாதாண்ணே?"

"கப்பல் கேஸுக்குக் காத்து வேணும்த்தா. பேப்பர் பறக்கலாம், நீ பறக்கக் கூடாது."

காதலர்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து, அணை பார்க்க வந்த ஓர் அம்மா ஒருநாள் சமாதானம் பேச வந்தார். அண்ணன் அவரையே நடுவராக உட்கார வைத்து அரைமணி நேரம் வாதாடினார். "ரெண்டு பேருமே நல்லாத்தான பேசுறீக, பெறகென்ன? வீடு போய்ச் சேருங்க" என்று தீர்ப்பானது.

கொச்சியில் கிடைத்த வழக்கைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் வெயில் அடித்தது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்பிய திராட்சை, போய் இறங்கும்போது அழுகிக் கிடந்தது. யார் பொறுப்பு? காலையில் சரக்குக்காரர் பக்கம் நின்று எதிரணியை நார் நாராகக் கிழித்தார். அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

மதியம் கப்பல்காரர் பக்கம். எங்களிடம் இருந்தது ஒரே வாதம்: ஏற்றும்போதே பழம் கெட்டிருந்தது. அதில் ஜெயித்தால் இறுதிச் சுற்று.

நடுவர் அம்மா வழக்குக் கட்டிலிருந்த புகைப்படத்தைக் காட்டினார். "கப்பலில் ஏற்றும்போது எடுத்த படம் இது. பழம் அப்போதே கெட்டிருந்ததா?"

அண்ணன் பார்த்தார். இன்னும் பார்த்தார். நான் அவர் கோட்டின் நுனியை இழுத்தேன்.

"இல்லை. காம்பு பச்சையாக இருக்கிறது. நல்ல பழம். தோட்டக்காரர் மேல் தவறில்லை" என்று சுத்தமான ஆங்கிலத்தில் எங்கள் கப்பலை எங்களோடு சேர்த்து மூழ்கடித்தார். எதிரணிப் பெண் அவசரமாகத் தன் கையிலிருந்த படத்தைப் புரட்டினாள். அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் வெடித்தேன். "தெரியலைன்னு சொல்லிருக்கலாம்லண்ணே?"

"தெரியுதேத்தா." கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கய்யாவுக்கு யாவாரிககிட்ட இருந்து இப்படித்தான் போன் வரும். லோடு கெட்டுப்போச்சும்பாக. 'காம்பப் பாத்துச் சொல்லுங்க'ம்பாரு. ஒருத்தரும் பாக்க மாட்டாக."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "அக்கரையே தெரியலையே. அதான் இத்தன சட்டம் போட்ருக்காக" என்றார்.

இப்போதெல்லாம் எந்தத் தள்ளுவண்டியில் திராட்சையைக் கண்டாலும் முதலில் காம்பைத்தான் பார்க்கிறேன். பச்சையாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுவேன். ஒருத்தியாவது பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?