சொந்தத்துக்கு ஒரு லென்ஸ்

ஆரணி டவுனில் மூடியண்ணன் கை படாத மூடி என்று ஒன்று அந்தக் காலத்தில் இருந்ததே இல்லை. ஊறுகாய் ஜாடி மூடி, தேங்காயெண்ணெய் டப்பா மூடி, கம்பவுண்டர் மேஜையில் இருக்கும் மாத்திரை டப்பா மூடி, எவர்சில்வர் கடையில் கல்யாணச் சீருக்கென்று தனியாக எடுத்து வைத்த சம்புடத்தின் மூடி, எல்லாமே அவருடைய கேமரா லென்ஸின் முகத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தவைதான். தளர்வாக இருந்தால் “ஆடுது” என்பார். கச்சிதமாக இருந்தால் “காத்து பூருது” என்பார். மொத்தத்தில் எதுவும் தேறாது.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. நான்கு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்துவிட்டு இப்படிச் சொல்வது வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, ஊரே மூடி என்றது. நான் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையாக ஆரணிக்கு வந்து சேர்ந்தேன். நெசவுத் தெரு ஒன்றில், தறி ஓடும் வீட்டின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்று எனக்கு, மற்றது அவருக்கு. வந்த முதல் சாயங்காலமே கதவைத் தட்டினார். ஒல்லியான மனிதர். சிவப்புப் பட்டு நூலில் கோத்த கறுப்பு லென்ஸ் மூடி ஒன்று கழுத்தில் தாலி மாதிரி தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார்.

“சார், அந்த மூடிய கொஞ்சம் குடுங்க. அளவு பாத்துட்டு ஜல்தியா தந்துடறேன்.”

“ஊறுகாய் கெட்டுப்போயிடாதா?”

“ஊறுகா கெட்டா வேற போட்டுக்கலாம் சார். லென்ஸுல ஈரம் பூந்து பூஞ்சை புடிச்சா அவ்ளோதான். கண்ணாடியையே தின்னுடும்.”

மூடி ஒன்பது நாள் கழித்து வந்தது. அதற்குள் லென்ஸுக்கு வரவேண்டிய பூஞ்சை என் ஊறுகாய்க்கு வந்திருந்தது.

பஜாரில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் படம் எடுப்பார், பட்டுக் கடைகளுக்குப் புடவைப் படம் எடுப்பார், எப்போதாவது கல்யாணம். கடையில் வாங்கிய மூடி கைவசம் இல்லாமலில்லை. ஆனால் அவருக்கு நம்பிக்கை கிடையாது. “சும்மா கவுக்கற மூடி பையிலயே கழண்டுடும். திருகற மூடி அவசரத்துக்கு ஆவாது. ரெண்டு பக்கமும் அமுக்கி மாட்டறதுதான் நல்லது. அளவு லென்ஸ் மூஞ்சியிலயே போட்டிருக்கும், பாத்து வாங்கணும். ஆனா சார், அதெல்லாம் தூசிக்கு. ஈரத்துக்கு எவன் மூடி செஞ்சான்?”

எவர்சில்வர் கடைக்காரர் ஒரு நாள் பொறுமை இழந்து, “பொண்ணு பாக்க வர்றவன்கூட இத்தினி கொற சொல்ல மாட்டான்யா!” என்று கத்தியது தெருமுனை வரை கேட்டது. மூடியண்ணன் பதிலுக்கு அடுத்த மூடியை எடுத்தார்.

அவருடைய அறையில் ஓர் இரும்பு பீரோ. அதற்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று வருடம் பூராவும் எரிந்துகொண்டிருக்கும். லென்ஸ்கள் அதன் கதகதப்பில் குளிர் காயும். மாத்திரை டப்பாவிலும் புது ஷூ பெட்டியிலும் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் போட்டிருப்பார்களே, ஊரில் யார் ஷூ வாங்கினாலும் ஷூ அவர்களுக்கு, பொட்டலம் இவருக்கு.

இவ்வளவு பாதுகாப்பும் எங்கே நடக்கிறது என்பதுதான் வேடிக்கை. நேர் கீழே காமாட்சியக்காவின் தறி. பட்டு இழை அறுந்துபோகாமல் இருக்க அறை கொஞ்சம் ஈரமாக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். மேலே இவர் ஈரத்தோடு யுத்தம், கீழே அந்தம்மா ஈரத்துக்கு உபசாரம்.

“எம்மா! மேல லென்ஸ் கீதும்மா, தண்ணி தெளிக்காதம்மா!”

“தெளிக்கலன்னா இழை அறுந்துபூடும்யா! உன் கண்ணாடிக்கு சளி புடிக்குதுன்னா தூக்கிகினு வேற ஊருக்குப் போ! காலங்காத்தால பேஜாரா கீது உன்னோட!”

இது தினப்படி சுப்ரபாதம். இருவரும் ஒருநாள் சண்டை போடவில்லை என்றால் எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது தெரியாது.

காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவரிடம் ஒரு கருவியும் இருந்தது. பொரித்த அப்பளம். டப்பாவுக்குள் காற்றுப் புகாமல் கொண்டுபோவார். படம் எடுக்கும் இடத்தில் அதை வெளியே எடுத்து, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிஷம் வைத்திருப்பார். பிறகு காதருகில் பிடித்து உடைப்பார். ‘டப்’ என்று உடைந்தால் மூடி கழலும். நமுத்துப் போயிருந்தால் மாப்பிள்ளையே காலில் விழுந்தாலும் கழலாது.

தேவிகாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் பை தூக்க அழைத்துப் போயிருந்தார். முகூர்த்தத்துக்குக் கால் மணி இருக்கையில் அப்பளத்தை நாற்காலி மேல் வைத்துவிட்டு விளக்கு வெளிச்சத்தைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தால் அப்பளம் இல்லை. பெண்ணின் தாய்மாமன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யோவ், அது சாப்பிடற அப்பளம் இல்லய்யா!”

“பின்ன இன்னா, பூஜை பண்ற அப்பளமா?”

மூடியண்ணன் ஒரு கணம் யோசித்தார். பிறகு ரொம்பப் பணிவாக, “தின்னீங்களே, மொறுமொறுன்னு இருந்துச்சா, நமுத்துப் போயிருந்துச்சா?” என்றார்.

“மொறுமொறுன்னுதான் இருந்துச்சு. ஏன்?”

“அப்ப சரி” என்று மூடியைக் கழற்றினார்.

அந்தப் பீரோவின் மேல்தட்டில் ஒரு லென்ஸ் தனியாக இருந்தது. ஆள் முகம் எடுப்பதற்கென்றே செய்த, விலை உயர்ந்த லென்ஸ். ஞாயிறுதோறும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார், ஊதித் துடைப்பார், மூடிவிடுவார். கேமராவில் மாட்டி நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“அது வாடிக்கைக்கு இல்ல சார். சொந்தத்துக்கு. சொந்தக்காரங்க வந்தா எடுக்கலாம்னு வாங்கினது.”

அவருக்குச் சொந்தம் என்று இருந்தது செய்யாரில் ஓர் அண்ணன். ஏதோ பழைய மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை. இவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தான் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் ‘வாடிக்கை’ என்று எழுதி ஓர் எண் போடுவார். எண் ஆயிரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. மேல்தட்டு லென்ஸ் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் வெளியே வந்து காத்திருந்து, யாரும் வராமல் உள்ளே போய்விடும்.

என் ஊறுகாய் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே மூடியை அவர் மறுபடி மறுபடி இரவல் கேட்டு வந்தார். அதே அளவு, அதே லென்ஸ், அதே “ஆடுது”. இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியை வாங்கிக்கொண்டும் போகாமல் வாசலிலேயே நின்று, “ஊர்ல அம்மா சௌக்கியமா சார்?” என்று கேட்டபோதுதான் புரிந்தது. அதற்குப் பிறகு நானே மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருப்பேன். எனக்கும் அந்த ஊரில் கதவைத் தட்ட வேறு ஆள் கிடையாது.

மூன்றாம் வருடம் ஐப்பசி மழைக்கு முன் அந்த விபரீத யோசனை அவருக்கு வந்தது. தறியில் கழித்த பட்டுத் துணுக்குகளைச் சேகரித்து, மேல்தட்டு லென்ஸின் மூடிக்கு உட்புறம் மெத்தை மாதிரி ஒட்டினார். “பட்டுக்கு மிஞ்சின பந்தோபஸ்து ஏது சார்? இனிமே வாராவாரம் தொறக்கவே வேணாம்.” ஒரு மாதம் திறக்கவில்லை. திறந்தபோது கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக, சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது.

விஷயம் கேட்டு காமாட்சியக்கா மாடிக்கே வந்துவிட்டார். “அட பைத்தியக்கார மனுஷா! பட்டு தண்ணி குடிக்கும்யா. மழை நாள்ல பட்டு எடை கூடும்னு எங்க வூட்டு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமே. ஒரு வார்த்த என்னைக் கேக்கக் கூடாதா?”

அவர் மூடிக்குள் ஒட்டிய பட்டைப் பிய்த்தெடுத்தார். மெட்ராஸில் கொடுத்துத் துடைக்கலாமே என்றேன். “தின்னது தின்னதுதான் சார்” என்றார். அன்று சாயங்காலம் பீரோ பல்பை அணைத்துவிட்டார். மூன்று நாள் ஸ்டுடியோ திறக்கவில்லை, மூடி கேட்டு வரவில்லை. கீழே தண்ணீர் தெளித்தார்கள், மேலிருந்து சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

காமாட்சியக்காவுக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது. நாலாம் நாள் ஒரு தட்டில் பொரித்த அப்பளங்களை என்னிடம் நீட்டி, “அந்தாளுகிட்ட குடு தம்பி. தண்ணிய கொஞ்சமா தெளிக்கறேன்னு சொல்லு” என்றார். கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து, பழக்க தோஷத்தில் காதருகே பிடித்து உடைத்தார். ‘டப்’. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ப் பல்பைப் போட்டார்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அடைமழை. பஸ் உறுமிக்கொண்டிருக்கும்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூடியண்ணன் ஓடி வந்தார். கழுத்தில் கேமரா. அதில் மேல்தட்டு லென்ஸ்.

“அண்ணே, மழை! லென்ஸ் என்னாவறது?”

பழக்கம் விடுமா, டப்பாவிலிருந்து அப்பளத்தை எடுத்தார். அது துணி மாதிரி மடங்கியது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

“மொறுமொறுன்னுதான் கீது. நேரா நில்லுங்க சார்.”

மூடியைக் கழற்றினார்.

படம் பத்து நாளில் தபாலில் வந்தது. மழைக் கோடுகள், அதன் மேல் பூஞ்சை போட்ட வெள்ளைப் படலம், நடுவில் பாதி கரைந்த என் முகம். பார்த்தவர்கள் எல்லாம், படம் சரியாக விழவில்லை என்றார்கள். நான் திருப்பிப் பார்த்தேன். பின்னால் பென்சிலால் எழுதியிருந்தது: ‘சொந்தம் - 1.’

இரண்டு என்று ஒன்று வந்ததா என்று போய்க் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.