மாமாவை அழைத்துப் போகவும்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உங்கள் சின்ன ஓரகத்தி எழுதிக்கொள்வது. இங்கே இவர், நான், எங்கள் வாண்டு, மாமா ஆக நால்வரும் சுகம். அங்கே அத்தானும் நீங்களும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. மாமா ஒரு வருடமாக இங்கே அல்லவா இருக்கிறார்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். இந்த வீட்டில் போனில் பேசுவதும் தெருவில் நின்று கத்துவதும் ஒன்றுதான். போன வாரம் என் அம்மாவிடம் இடுப்பு வலி என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். போனை வைப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்துவிட்டது. "வீட்டிலுள்ளோர் கனிவான கவனத்திற்கு. மருமகளின் இடுப்பு வலி காரணமாக, இன்றைய இரவுச் சாப்பாடு தாமதமாகப் பரிமாறப்படும்." எதிர் வீட்டம்மா தைலத்தோடு வந்து நின்றார். அதனால்தான் இதை நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, டாக்டர் யார் வாயிலாவது மும்முரமாக இருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டபடி மாமா ஒரு வருடம் உங்கள் வீட்டில், ஒரு வருடம் எங்கள் வீட்டில். எங்கள் வருடம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தயவுசெய்து தள்ளிப்போடாமல் வந்து அவரை அழைத்துப் போய்விடுங்கள். அத்தானுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றெல்லாம் சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். இந்த ஒரு வருடம் நான் பட்டதைக் கேட்டால் நீங்களே இன்று மாலையே கிளம்பி வந்துவிடுவீர்கள்.

மாமா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஓய்வு பெற்றுவிட்டார் என்பதுதான் அவருக்கு இன்னும் தெரியவில்லை. நீங்களாவது ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். பெட்டியோடு கொண்டுவந்து விட்டபோது "கொஞ்சம் பேசுவாங்க, அவ்வளவுதான்" என்றீர்கள். வந்த மறுநாள் காலையில் ஸ்பூனால் டம்ளரை மூன்று தரம் தட்டினார், இரண்டு தரம் கனைத்தார், பிறகு ஆரம்பித்தார்: "குளியலறையில் இருக்கும் இளைய மகன் இன்னும் சற்று நேரத்தில் வெளியேறுவார். அடுத்துச் செல்ல வேண்டியவர்கள் துண்டுடன் தயாராக இருக்கவும்." உள்ளே சோப்பு நுரையோடு நின்ற இவர் பதறியடித்துக்கொண்டு அப்படியே வெளியே ஓடி வந்துவிட்டார். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கூடச் சிரித்தேன், ஒளிப்பானேன். ஒரு நாள் கூத்து என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. அதற்கப்புறம் பால் பொங்குவது, பள்ளி வேன் வருவது, துணி காய்ந்தது, நான் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்பது என்று எதுவும் அறிவிப்பில்லாமல் நடந்ததில்லை. நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார். ஆனால் மறுபடி டம்ளரைத் தட்டி முதலிலிருந்து தொடங்குவார்.

இவருடைய மேலாளரைச் சாப்பிடக் கூப்பிட்ட கதை உங்களுக்குத் தெரியாது. பதவி உயர்வு விஷயமாகக் கூப்பிட்டது. அந்த மனிதர் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. தன் கார் வாங்கிய வரலாறு, விற்ற வரலாறு, மறுபடி வாங்கிய வரலாறு என்று போய்க்கொண்டே இருந்தது. இவர் கொட்டாவியை விழுங்கி விழுங்கிக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் டம்ளர் தட்டும் சத்தம் கேட்டது. "வருகை தந்திருக்கும் மேலாளர் அவர்கள் புறப்படும் நேரம் கடந்துவிட்டது. உடைமைகளைச் சரிபார்த்துக்கொண்டு வாசலுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம்." அந்த மனிதர் மந்திரித்து விட்டதுபோல எழுந்தார், குடையை எடுத்தார், ஷூவை மாட்டினார், போய்விட்டார். ரயிலுக்கு ஓடிப் பழகிய கால்கள் போலிருக்கிறது. போன பிறகு பார்த்தால் வாசலில் இவருடைய இடது கால் ஷூவும் அவருடைய வலது கால் ஷூவும் ஜோடியாக நின்றன. மறுநாள் அலுவலகத்தில் இரண்டு பேரும் ஒரு கால் கறுப்பு, ஒரு கால் பழுப்பு என்று எதிரெதிரே உட்கார்ந்து நாள் முழுக்கக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். என் ஷூ உங்கள் காலிலா என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. பதவி உயர்வு வந்துவிட்டது என்பது வேறு விஷயம். ஷூ இன்னும் வரவில்லை.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், அந்தப் புண்ணியவான், லிஃப்ட் பழுதான அன்று மாமாவின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். திரும்ப வாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரும் நானும் ஜன்னலுக்குத் திரை வாங்கும் விஷயமாகக் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஆறு மாடிக்கும் கேட்கும்படி, "மூன்றாம் மாடி, இடதுபுற வீட்டில் நடைபெற்றுவரும் வாக்குவாதம் இன்னும் சற்று நேரத்தில் நிறைவுபெறும். குடியிருப்போருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்தது. மானம் கப்பலேறிவிட்டது அக்கா. எதிர் வீட்டம்மா கதவைத் திறந்து, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் சண்டை என்றால் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் காதில் ஒருவர் ரகசியமாகத் திட்டிக்கொள்கிறோம். பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. பத்து வருடத்தில் இவ்வளவு குறைவாகச் சண்டை போட்ட வருடம் இதுதான். இதையும் குறையாகத்தான் சொல்கிறேன்.

என் பிழைப்பிலும் கை வைத்தார். பல் வலி என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, பக்கத்தில் இருக்கும் நாற்காலிக்கே கேட்காது. அடுத்தவர் வாங்க என்று நான் நாலு தரம் கூப்பிட்டும் ஒருவரும் அசையவில்லை. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே எழுந்து நின்றார். "கடைவாய்ப் பல் பிடுங்க இருப்பவர்கள் இடதுபுற அறைக்கு வந்து சேரவும். பிடுங்கும் பணி எந்த நேரத்திலும் தொடங்கும்." இடதுபுற அறைக்கு யாரும் வந்து சேரவில்லை. இரண்டு பேர் வாசல் வழியாக இறங்கித் தெருவில் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

இதையெல்லாம் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த வருடத்தைச் சொல்லி முடிக்க முடியாது. நான் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது தினமும் பால்கனியில் நிற்பார். "மருமகள் தெருமுனைக்கு வந்துகொண்டிருக்கிறார். தேநீர் அடுப்பில் ஏறியது." தெருவே என்னைத் திரும்பிப் பார்க்கும். பழக்கடைக்காரர் எழுந்து நின்று கையசைக்க ஆரம்பித்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன் மாமா இப்படி? நான் வர்றது எல்லாருக்கும் எதுக்குத் தெரியணும்?" மாமா தெருமுனையைக் கைகாட்டினார். "நான் உக்காந்திருந்த ரூமுக்கு ஜன்னலே கிடையாதும்மா. இந்தா வருது, அந்தா வருதுன்னு காலம்பூரா சொன்னேன். வந்ததை ஒரு தடவை கூடக் கண்ணால பாத்ததில்ல. இப்ப நான் சொன்னதும் நீ நிஜமாவே வர்றே. பாக்க நல்லா இருக்கு." நான் தேநீர் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

பிறகுதான் அவர் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். தொண்டை டாக்டர் உள்ளே விளக்கை விட்டுப் பார்த்து, சின்னதாக ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், எடுத்த பிறகு நான் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். உங்களிடம் போனில் "சின்ன வைத்தியம்" என்றுதான் சொன்னோம், நீங்கள் பயப்படுவீர்கள் என்று. நாங்கள் பயந்தோம். நான் ரொம்பப் பயந்தேன்.

கட்டியை எடுத்தார்கள், வீடு அமைதியானது. நான் ஆசைப்பட்ட அமைதிதான். முதல் நாளே வாண்டு பள்ளி வேனைத் தவறவிட்டாள். இவர் தூங்கிப்போய் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார். பால் தீய்ந்து, பாத்திரம் தீய்ந்து, அடுத்து அடுப்பும் தீயும் போல இருந்தது. யாருக்கும் கை கால் ஓடவில்லை. மாமா கையை ஆட்டி ஆட்டிக் காட்டுவார், எங்களுக்குப் புரிந்து தொலைக்காது. அவர் ஜன்னலை மூடச் சொன்னால் நான் போர்வை கொண்டு வருவேன், போர்வை கேட்டால் இவர் ஏணி கொண்டு வருவார். ஒரு நாள் மாமா கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

சோதனை முடிவு வர வேண்டிய நாளில் மருத்துவமனையிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான், பயமே வேண்டாம் என்றார்கள். பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டு பாதி வேலையில் ஓடி வந்தேன். தெருமுனையில் திரும்பினால் மாமா பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. அக்கா, எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. நடுத்தெருவில் நின்று, கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைச் சாவியால் மூன்று தரம் தட்டி, "அனைவரின் கனிவான கவனத்திற்கு! மூன்றாம் மாடி மாமாவுக்கு ஒன்றுமே இல்லை! மருமகள் வந்து சேர்ந்துவிட்டாள்!" என்று கத்தினேன். ஆறு மாடிக்கும் கேட்டது. பழக்கடைக்காரர் கை தட்டினார். மாமா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் சிரித்தார், அழுதார், இரண்டும்தான். நானும்தான். இப்போது பல் மருத்துவமனையில் நான் ஒரு தரம் கூப்பிட்டாலே ஆள் எழுந்து வந்துவிடுகிறார். டாக்டர்தான் கொஞ்சம் திடுக்கிடுகிறார்.

பேசலாம் என்று அனுமதி கிடைத்த காலையில் நாங்கள் மூவரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தோம். கனைத்தார், பழைய குரலில் முக்கால்வாசி வந்தது. "அடுப்பில் உள்ள பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது." நான் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன், முழுப் பாலும் போய்விட்டது.

இப்படியாக ஒரு வருடம். இதற்கு மேல் என்னால் முடியாது. ஆகவே வந்து அழைத்துப் போய்விடுங்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதீர்கள். வெந்நீரை ஆற்றி, கை பொறுக்கும் சூட்டில் கொடுக்க வேண்டும். சட்டைக் காலர் தொண்டையில் உரசக் கூடாது, மேல் பொத்தானை நான் வெட்டிவிட்டேன். உங்கள் வீட்டுப் பால்கனி பின்பக்கம் அல்லவா இருக்கிறது, அங்கே நின்றால் சுவர்தான் தெரியும். முன்பக்கம் தெரு தெரியும்படி ஒரு நாற்காலி போட முடியுமா என்று அத்தானைக் கேளுங்கள். யாராவது ஒருவர் மாலையில் தெருமுனையிலிருந்து நடந்து வாருங்கள். காரில் வந்து இறங்கினால் அவருக்கு அறிவிக்க நேரம் இருக்காது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, நல்ல உடம்போடும் நல்ல குரலோடும் இருக்கட்டும். உங்கள் முட்டி வலி குறைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள
சின்ன ஓரகத்தி

பின்குறிப்பு: கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து உறையில் போட்டு ஒட்டப் போன நேரத்தில் மாமா பெட்டியோடு வந்து நின்று, "ஏம்மா, எல்லாச் சட்டையும் எடுத்து வச்சிடவா? ரெண்டு இங்கேயே கிடக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன ஆயிற்றோ, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "எங்க கிளம்புறீங்க? அக்கா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க மாமா. அந்த வாடை உங்க தொண்டைக்கு ஆகவே ஆகாது." எப்போது முடியும் என்று கேட்டார். பெரிய வீடு, எப்படியும் ஒரு வருடம் ஆகும் என்றேன். மாமா டம்ளரைத் தட்டி, "பெரிய மகன் வீட்டுக்குச் செல்லவிருந்த வண்டி ரத்து செய்யப்படுகிறது" என்று அறிவித்தார். வழக்கமாகச் சொல்லும் வருத்தத்தை மட்டும் சொல்லவில்லை. போன வருடம் அவரை இங்கே விட்டுவிட்டுத் திரும்பும்போது நீங்கள் அழுதீர்கள், நாங்கள் நடிப்பு என்று பேசிக்கொண்டோம். அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள், இதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள். மேலே எழுதியதில் வெந்நீரைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். உடனே பெயிண்டரைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நிறம் கேட்டார், வெளிர்பச்சை என்று சொல்லியிருக்கிறேன், மாற்றி அடித்து என்னை மாட்டிவிடாதீர்கள். முடிந்ததும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கண்டிப்பாக வருகிறோம். வந்து பார்த்து, ஒரு வாரம் உங்களோடு இருந்துவிட்டு, நாலு பேரும் திரும்பிவிடுகிறோம்.