டப்பா காலியானால் பிள்ளை வளரும்

டப்பா வைத்தியர் என்றொரு இனம் உண்டு. மாசமான பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "எடை குறைவு" என்று ஒரு வரி வந்தால் போதும். எந்த ஊரில் இருந்தாலும் மோப்பம் பிடித்து, புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கி, பஸ் ஏறி, செருப்பைக் கழற்றுவதற்குள் ஆலோசனையைத் தொடங்கிவிடுவார்கள். படிப்பு? டப்பாவின் லேபிள் வரைக்கும்.

கண்டாச்சிபுரத்தில் சங்கவிக்கு எட்டாம் மாதம். திண்டிவனத்திலிருந்து கணவன் மாயவனின் பெரியப்பா ஜெகதீசன் வந்து இறங்கினார். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம்: நன்றாகச் சாப்பிடு, பத்தாம் நாள் மறுபடி ஸ்கேனுக்கு வா, குழந்தைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கேட்க ஜெகதீசனுக்கு ஏது நேரம்?

"முட்டை, மல்லாட்டை எதுவும் வேணாம்மா, மந்தம். பவுடரு போதும்."

"வாடையே குமட்டுதுங்க மாமா."

"குமட்டுனாதான் சத்து!"

ஊருக்குப் போனபின் தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டார். சங்கவியை அல்ல, டப்பாவின் உட்புறத்தை. பவுடர் இறங்கினால் பிள்ளை வளர்கிறது. எளிய கணக்கு. பவுடரும் இறங்கியது. மாமியார் சின்னபொண்ணு அதைக் கன்றுக்குட்டியின் கழனித்தண்ணீரில் கலக்கினாள். மருமகளுக்கு முட்டையும் வேர்க்கடலையும் அவித்தாள்.

பத்தாம் நாள் போன் வந்தது. "இன்னும் கால் டப்பா இருக்குதே! அது தீரட்டும், அப்பால ஸ்கேன் எடுக்கலாம்."

"பெரியப்பா சொல்றாரே" என்று மாயவன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.

"காலையிலேருந்து புள்ள சரியா அசையல அத்தை" என்றாள் சங்கவி.

சின்னபொண்ணு மிச்சப் பவுடரைக் கன்றுக்குட்டியின் தொட்டியில் கவிழ்த்தாள். காலி டப்பாவைப் படமெடுத்து அனுப்பினாள்.

"தீந்துடுச்சி. ஜல்தியா வண்டிய எடுடா."

விழுப்புரத்தில், ரத்த ஓட்டம் போதவில்லை என்று அன்றே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அழுகை வராந்தாவரை கேட்டது.

வராந்தாவில் ஜெகதீசன். "ஒரு டப்பா முழுசா உள்ள போச்சி. அதான் புள்ள தப்பிச்சிக்கினுது!"

"ஆமாங்க, கன்னுக்குட்டிகூட நல்லா தேறிடுச்சி" என்றாள் சின்னபொண்ணு.

அவர் காதில் விழவில்லை. பையிலிருந்து அடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி. மாசமான பெண்ணைப் பார்க்க நீங்களும் போகத்தானே போகிறீர்கள்? வாசலில் நின்று முதலில் என்ன கேட்பீர்கள்: பிள்ளை அசைகிறதா என்றா, டப்பாவை எங்கே வைக்கட்டும் என்றா?