நாலரை மணி பஸ்ஸுக்கு ஒரு பாதுகாப்புக் குழு

786

போச்சம்பள்ளி ரோடு,
7.8.1997, வியாழக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஷேக் தாவூத் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை டெய்லர் முனீர் அகமது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை சுக்ராவும் மகள் அதியாவும் தையல் மெஷினும் சுகம். மெஷினுக்கு மட்டும் பெடலில் கொஞ்சம் தகராறு. சாமல்பட்டியில் தாங்களும் ஷரீஃபுன்னிசா அக்காவும் கடையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். சுக்ரா வீட்டில்தான் இருக்கிறாள். கை முழுக்க மாவாக இருப்பதால் தனியாக எழுதவில்லை, சலாம் சொல்லச் சொன்னாள்.

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் கம்பெனி பஸ் மோதி ஒரு பிள்ளைக்குக் கால் போன சேதியைச் சந்தைக்கு வந்தவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டதாகவும், வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து அதியாவை அழைத்துக்கொண்டு போய் அங்கேயே நாலாம் வகுப்பில் சேர்க்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ரயில்தான் போகிறது, ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி வந்து பிள்ளைகளைத் துரத்தாது என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எப்போதுமே முடியாது, கண் மங்கி ஒரு வருஷம் ஆகிறது, அதியாதான் கோத்துத் தருவாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் பத்து ஊசியில் நூல் கோத்துத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் போகிற பிள்ளை அவள். அவளைக் கூட்டிப்போனால் இந்த வீட்டில் என்ன மிச்சம்? ஆகையால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். பயம் தீர்ந்துவிட்டது. பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும் கைகோத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டன. எப்படி என்று எழுதுகிறேன், தாங்களே படித்துவிட்டுச் சரி என்பீர்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பத்தாம் நாள் அது நடந்தது. பள்ளிக்கூடம் விடுவது நாலரை மணி. ஒயர் கம்பெனி பஸ் ஷிப்ட் முடிந்த ஆட்களை இறக்கிவிட எதிர்ச்சாரியில் வந்து நிற்பதும் நாலரை மணி. அஞ்சாம் வகுப்பு பாப்பம்மா ரோட்டைத் தாண்டி ஓடினாள். பஸ்ஸில் மாட்டி இடது கால் முறிந்தது. கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, இப்போது கட்டிலில் படுத்தபடியே வாய்ப்பாடு சொல்கிறாள். அவள் போட்டிருந்த நீலப் பாவாடை நான் தைத்தது. ஆஸ்பத்திரியில் அதைக் கத்தரித்து எடுத்தார்களாம், மச்சான். மடித்து வைத்துத் தைத்திருந்தேன், இன்னும் ரெண்டு வருஷம் இறக்கிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மறுவாரமே மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. பஞ்சாயத்தும் பள்ளிக்கூடமும் சேர்ந்து மாணவர் பாதுகாப்பு ஒருங்கிணைப்புக் குழு அமைக்க வேண்டும், பெற்றோர் தரப்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று. அந்த ஒருவர் நான்தான். எனக்குத் தகுதி இருந்து போடவில்லை, என் கடை பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருக்கிறது, பெஞ்சும் இருக்கிறது. தலைமையாசிரியர் வெள்ளைச்சாமி மதுரைப் பக்கத்துக்காரர், பஞ்சாயத்து ஆபீஸ் படியேறினால் தன் கௌரவம் போய்விடும் என்பார். பஞ்சாயத்துத் தலைவர் கெம்பம்மா. ஆனால் பேசுவது அவர் வீட்டுக்காரர் ராமப்பன். ராமப்பன் அஞ்சாம் வகுப்பில் ரெண்டு தரம் பெயிலாகி, இனிமேல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அப்போதே சபதம் போட்டவர். ஆக, கூட்டம் என் கடையில். கெம்பம்மா கையெழுத்துப் போட மட்டும் வருவார்.

முதல் கூட்டத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி, டீ குடித்து, பிள்ளைகள் நாட்டின் கண்கள் என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். போகும்போது தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முனீர் பாய், திங்கக்கெழமையிலருந்து பள்ளிக்கூடத்தக் கால் மணி நேரம் தள்ளி விட்டுருவோம். நாலே முக்காலுக்குப் பிள்ளைக வெளிய வந்தா பஸ் போயிருக்கும்ல? ராமப்பன்ட்ட மூச்சு விடாதீக. செஞ்சு காட்டணும்" என்றார். அரை மணி கழித்து ராமப்பன் திரும்பி வந்தார். "பாய், கம்பெனிக்குத் தண்ணி நம்ம பஞ்சாயத்துதான் குடுக்குது, மானேஜரு என் பேச்சத் தட்டமாட்டாரு. திங்கக்கெழமையிலேர்ந்து கால் மணி நேரம் லேட்டா சங்கு ஊதச் சொல்லிட்டேன். பஸ்ஸு வர்றதுக்குள்ள புள்ளைங்க போயிடும். வாத்தியாருக்குச் சொல்லாதீங்க, அவுரு மூஞ்சியப் பாக்கணும்" என்றார். மச்சானுக்குத் தெரியும், நம்பிச் சொன்ன வார்த்தையை நான் வெளியே விடுகிறவன் இல்லை. டெய்லருக்கு அது தொழில் தர்மம். அளவெடுத்தவன், யாருக்கு இடுப்பு எத்தனை இஞ்ச் என்று ஊரில் சொல்லித் திரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? இரண்டு ரகசியத்தையும் இரண்டு பாக்கெட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் விட்டது. நாலே முக்காலுக்கு பஸ் வந்தது. பிள்ளைகள் ஓட, டிரைவர் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கில் நெற்றியை இடித்துக்கொண்டார். அன்றைக்கே தலைமையாசிரியர் வந்து, "தப்பு நம்ம மேல. அவிக ஏற்பாடு செஞ்சது தெரியாம நாமளும் தள்ளிட்டோம். நாளைலருந்து பழைய நேரம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ராமப்பனும் அதே பெருந்தன்மையோடு வந்தார். இந்தத் தடவை வாயைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். "வாத்தியாரு காதுல விழுந்துதோ, உங்க கடைக்கு முன்னாடி கால்வாய் வெட்டிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே ஏற்கெனவே மூன்று கடைக்கு முன்னால் வெட்டியிருக்கிறார். மறுநாள் பள்ளிக்கூடமும் நாலரை, பஸ்ஸும் நாலரை. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊர் ஒன்று பட்டதில் பிள்ளைகளுக்குத் திண்டாட்டம்.

பிறகு கொடி பிடிப்பது என்று முடிவாயிற்று. கொடி பஞ்சாயத்துச் செலவு, பிடிக்கிற ஆள் பள்ளிக்கூடத்துப் பொறுப்பு, தைப்பது நான். சிவப்பு வேண்டாம், வேறு கட்சிக்காரன் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று ராமப்பன் சொல்லிவிட்டார். மற்ற நிறத்துக்கெல்லாம் ஒவ்வொரு ஆட்சேபணை. கடைசியில் பாவாடைக்கு வெட்டிய நீலத் துணியில் மிச்சம் இருந்ததைத் தைத்துக் கொடுத்தேன். ஆயாம்மா அதைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். பஸ் கொடிக்கு நிற்காமல் போயிற்று. டிரைவரைக் கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துப் பாவாடயக் காயப்போடறாங்கன்னு நெனச்சிட்டேனுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, பழக்கதோஷத்தில் ஓரத்தை நாடா கோக்கிற மாதிரி மடித்துத் தைத்திருந்தேன். அதன்பின் கொடி பஞ்சாயத்து பீரோவுக்குப் போயிற்று. வேண்டுமென்றால் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பீரோச் சாவி உள்ள கிளார்க் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

மூன்றாவது கூட்டத்தில்தான் நல்ல வழி பிறந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ரகசியம் இல்லாமல் பேசி, பஸ் நாலரைக்கே வரட்டும், பள்ளிக்கூடத்தை நாலு மணிக்கே விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்கள். கெம்பம்மா கையெழுத்துப் போட வந்தவர், பேனாவைப் பிடித்தபடி, "புள்ளைங்க எதுக்குங்க ஓடுதுங்க?" என்று கேட்டார்.

"புள்ளைங்கன்னா ஓடும். நீ கையெழுத்தப் போடு" என்றார் ராமப்பன்.

"அதில்லிங்க. பாப்பம்மாளோட அம்மா நஞ்சம்மா அந்தக் கம்பெனிலதான வேல செய்யிறா? அன்னிக்கு அந்த பஸ்ஸுல இருந்துதான எறங்குனா? அம்மாவப் பாத்துட்டுத்தான அந்தப் புள்ள ஓடுச்சி? பஸ்ஸ வளச்சிக் கொண்டாந்து பள்ளிக்கூடத்துப் பக்கமா நிறுத்துனா, புள்ளைங்க எதுக்கு ரோட்டத் தாண்டப் போவுது?"

எதிர்ச்சாரியில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. தலைமையாசிரியர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா" என்றார். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பது ரோட்டு இலாகா சமாசாரம், அதற்குத் தருமபுரிக்கு எழுத வேண்டும் என்று ராமப்பன் விளக்கினார். கெம்பம்மா என்னைப் பார்த்தார். "பாய், உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றார். நான் கத்தரிக்கோலைத் தேடினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆக, இந்த ரெண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடுகிறது, பஸ் நாலரைக்கு வருகிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்களா என்று கேட்பீர்கள். கம்பெனிக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் பூட்டின வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள்? அரை மணி நேரம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வருகிற வண்டி நம்பரில் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று விளையாடுகிறார்கள். பஸ் தலை தெரிந்ததும் எழுந்து நிற்கிறார்கள். ஆனால் தீர்மானப்படி பள்ளிக்கூட நேரம் நாலு மணியோடு முடிந்துவிட்டதால், அதன்பின் ரோட்டில் நிற்கிறவர்கள் மாணவர்கள் ஆகமாட்டார்கள், பொதுமக்கள். எனவே மாணவர் விபத்து இல்லை. இதற்காக வருகிற ஆகஸ்ட் பதினைந்து, சுதந்திரப் பொன்விழா அன்று, எங்கள் குழுவுக்கு ஒன்றியத்தில் நற்சான்றிதழ் தருகிறார்கள். துணிப் பதாகை நான்தான் தைக்கிறேன். 'விபத்தில்லாப் பள்ளி' என்று அஞ்சடி நீளம்.

பாதுகாப்பில் இதைவிட வேறென்ன வேண்டும், மச்சான்? அதியாவுக்கு இந்த ஆபத்தே கிடையாது. அவள் நாலு மணிக்கு நேராக என் கடைக்கு வந்துவிடுகிறாள். அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள் என்று முன்பே எழுதினேன். பிள்ளை எதற்காக ரோட்டைத் தாண்டப் போகிறாள்? ஆகவே தாங்கள் சிரமப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அவளுக்கு என்று வாங்கி வைத்த துணி எதுவும் இருந்தால் ஆள் மூலம் கொடுத்துவிடவும், நானே தைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் சலாம். தங்கள் மூட்டுவலி குறைய துஆ செய்கிறேன். தங்கள் ஆயுளையும் வியாபாரத்தையும் அல்லாஹ் பெருக்குவானாக.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட
முனீர் அகமது

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. நேற்று எழுதிய கடிதத்தை ஒட்டப் போய், கை வராமல் மறுபடி பிரித்தேன். மேலே ஒரு பொய் எழுதியிருக்கிறேன். ரெண்டு தரம் எழுதியிருக்கிறேன். சுக்ரா வீட்டில் இல்லை, மச்சான். ரெடிமேட் கடை வந்தபின் என் மெஷின் பாதி நாள் சும்மா கிடக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து அவள் ஒயர் கம்பெனிக்குப் போகிறாள். நிக்காஹ் அன்று, "எங்க வீட்டுப் பொண்ணு வெளி வேலைக்குப் போற நாள் வந்தா நான் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் ரகசியத்தை வைத்துக்கொண்டேன். இது மூன்றாவது பாக்கெட்.

நேற்று இதை எழுதி வைத்த பிறகு, நாலரைக்கு அதியா என் கடை பெஞ்சில்தான் இருந்தாள். நான் பதாகை எழுத்துக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். 'விபத்தில்லா' வரைக்கும் வந்திருந்தேன். பிரேக் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் பெஞ்சில் பிள்ளை இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த லாரி குறுக்காக நிற்கிறது. எதிர்ச்சாரியில் சுக்ரா சாப்பாட்டு டப்பாவைப் போட்டுவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதியா அவள் மடியில் இருந்தாள். முழுசாக இருந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஒரு செருப்பு மட்டும் லாரிச் சக்கரத்துக்கு அடியில். குழு உறுப்பினர் நான், மச்சான். என் கடையிலிருந்துதான் ஓடினாள்.

சுக்ரா வேலையை விட முடியாது. பஸ்ஸைத் திருப்பி நிறுத்தத் தருமபுரிக்குக் காகிதம் எழுத, இன்று காலை கெம்பம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பதில் எப்போது வருமோ தெரியாது. ஆகையால் மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். படியை மிதிக்காவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் நின்றே பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

ஒன்றே ஒன்று. மாமா ஊருக்குப் போகிறாய் என்று ராத்திரி அவளிடம் சொன்னேன். அழவில்லை. நூல் கோத்துக்கொண்டே, "அத்தா, சாமல்பட்டியில அம்மா எத்தன மணி பஸ்ஸுல வந்து எறங்குவாங்க?" என்று கேட்டாள். அதற்கு ஒரு பதிலை நீங்கள் வருகிற வழியில் யோசித்துக்கொண்டு வாருங்கள்.