மூன்றாவது வேரும் கனடா அருவியும்

மருத்துவ வரலாற்றை இனி எழுதுகிறவர்கள், தென்காசியில் எங்கள் பல் மருத்துவமனை 'வேர் சிகிச்சைக்குப் பிந்தைய துணை நலப் பிரிவு' தொடங்கிய நாளிலிருந்துதான் எழுதியாக வேண்டும். அதன் நிர்வாக அலுவலர் என்ற முறையில் இதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் 'பயனாளி' இசக்கிதுரை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏலம் விடுகிறவர். அவருடைய கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து முடித்தோம். வலி போகவில்லை. போயிருந்தால் துணைப் பிரிவுக்கு என்ன வேலை?

தலைமை மருத்துவர் அருமைநாயகம் களத்தில் இறங்கினார். முதல் வாரம் இசக்கிதுரையின் கன்னத்தில் சிவப்பு லேசர் வெளிச்சம். இரண்டாம் வாரம் அவருடைய ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, திரண்டு வந்த பசையை ஈறில் வைத்தோம். மூன்றாம் வாரம் 'அருவி ஒலி சிகிச்சை'. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கனடா நாட்டு அருவியின் இரைச்சலைக் கேட்க வேண்டும்.

"சார், குத்தாலம் இங்கன பக்கத்துலதான இருக்கு? சீசன் வேற. தண்ணி கொட்டுதே" என்றார் இசக்கிதுரை, கன்னத்தைப் பொத்தியபடி.

"அது ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்காத அருவி" என்றார் டாக்டர்.

இதற்கிடையே சந்தையில் ஒரு விபரீதம். கத்தரிக்காய் ஏலத்தின்போது வலி சுண்டி இழுக்க, இசக்கிதுரை "ஆ..." என்று அலறிவிட்டார். அதை 'ஆறு' என்று காதில் வாங்கிய வியாபாரி, ஒரு டெம்போ கத்தரிக்காயைக் கிலோ ஆறு ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். காயை விளைவித்தவர் இசக்கிதுரையின் சட்டையைப் பிடித்தார்.

"வாய் சரியாகுத வரைக்கும் வீட்ல இரும்வே" என்று ஏலக்கடை முதலாளி அவரை அனுப்பிவிட்டார்.

மறுநாள் இசக்கிதுரையின் மனைவி பாலம்மாள் எங்களிடம் வந்தார். உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். டீயும் வந்தது.

"வெளிச்சம் அடிச்சிய, ரத்தம் எடுத்திய, காதுல அருவிய விட்டிய. அந்தப் பல்ல இன்னொருக்கா படம் எடுத்துப் பாத்தியளா?" என்று கேட்டார் பாலம்மாள்.

"வலிக்குக் காரணம் பல் இல்லம்மா. அவர் மனப்பான்மை" என்றார் டாக்டர்.

"மனசு வலிச்சா கன்னம் ஏன் சார் வீங்குது?"

கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

பாலம்மாள் கணவரை பஸ் ஏற்றி அச்சன்புதூருக்கு அழைத்துப் போனார். அங்கே ஒற்றை அறையில் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹைருன் பீவி, எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, இந்தப் பல்லுக்கு மூணு வேர்க்குழாய். ரெண்டைத்தான் சுத்தம் பண்ணியிருக்காவ. மூணாவது சீழ் பிடிச்சிக் கெடக்கு."

பாலம்மாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. ஹைருன் பீவி இரண்டு தடவை வரச்சொல்லி, மூன்றாவது வேரையும் சுத்தம் செய்து அடைத்தார். பத்தாம் நாள் இசக்கிதுரையின் குரலில் சந்தையின் தகரக்கூரை அதிர்ந்தது.

செய்தி கேட்டு நாங்கள் நெகிழ்ந்துபோனோம். அவர் சிரிக்கும் படத்தை வரவேற்பறையில் பெரிதாக மாட்டி, 'எங்கள் துணை நலப் பிரிவில் பயன்பெற்றுப் பூரண குணமடைந்தவர்' என்று எழுதி வைத்திருக்கிறோம். இதில் பொய் ஏதுமில்லை. துணை எல்லாம் நாங்கள் கொடுத்தது. வைத்தியத்தை மட்டும் அவர் வெளியே பார்த்துக்கொண்டார்.