உத்தமர் எதுவும் சொல்லவில்லை

மனித குல முன்னேற்றத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம், எங்கள் தலைமை எழுத்தர் கண்டுபிடித்த 'ஒண்ணுமில்ல சார்' என்ற வாக்கியத்துக்கே உரியது. அன்னாரை மேலாளர் 'உத்தமர்' என்றுதான் அழைப்பார். துணை மேலாளர் பதவி தனக்குக் கிடைக்காமல் வயதில் சின்னவருக்குப் போனபோதுகூட உத்தமர் முகம் சுளிக்கவில்லை. தன் கையாலேயே எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அப்பேர்ப்பட்ட மனசு!

அந்த வாக்கியம் வரலாற்றைத் திருப்பியது மேலாளர் அறையில்தான். மேலாளர் எதிரே உத்தமர் இருந்தார்; கையெழுத்துக்காகக் கோப்போடு நான் ஓரமாக நின்றிருந்தேன். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மேலாளரின் மனைவியும் துணை மேலாளரும் எதற்கோ சிரித்தபடி கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடந்து போனார்கள்.

"ச்சே..." என்றார் உத்தமர்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"நான் எதுவும் சொல்லல சார். சொல்லாததை நீங்க பெருசா எடுத்துக்கக் கூடாது."

"துணை மேலாளர் நல்லவர்தானே?"

"நல்லவர்னு நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறீங்களா?"

"எல்லாரும் நினைக்கிறாங்க. நானும் நினைச்சுட்டுப் போறேன்."

மேலாளருக்கு வியர்த்தது. உத்தமர் பரிவோடு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"சந்தேகம் மட்டும் படாதீங்க சார், உடம்புக்கு ஆகாது. அவர் மேசைமேல சாப்பாட்டு டப்பா ஒண்ணு பார்த்தேன். மூடியில ரோஜாப்பூ படம். அழகா இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

"ரோஜா மூடியா?"

கல்யாணமான புதிதில் மேலாளரே தேடி அலைந்து மனைவிக்கு வாங்கித் தந்த டப்பாவின் மூடி அது.

இங்கே எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மதியம் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவோம். கூட்டு, பொரியலை மூடியில் வைத்துச் சுற்றுக்கு விடுவோம். முடிந்ததும் கையில் கிடைத்த மூடியால் அவரவர் டப்பாவை மூடிக்கொண்டு போவோம். என் டப்பாவை இன்று மூடியிருப்பது யாருடையது என்று எனக்கே தெரியாது. இது கடைநிலை ஊழியர் வரை தெரிந்த விஷயம். மேலாளருக்கு மட்டும் தெரியாது. பதவி உயர்ந்த நாள் முதல் அவர் அறைக்குள் தனியாகச் சாப்பிடுபவர்.

"சார், மூடி தினமும் மாறும்..." என்று வாயைத் திறந்தேன்.

"உங்களைக் கேட்டேனா?" என்றார்.

அதன்பின் நிர்வாகம் மின்னல் வேகத்தில் இயங்கியது. துணை மேலாளர் 'நிர்வாகக் காரணங்களுக்காக' தூரக் கிளைக்குத் தூக்கியடிக்கப்பட்டார். மனைவியிடம் 'உடல்நலம் கருதி' ராஜினாமா கேட்கப்பட்டது. காலியான பதவியை உத்தமர், வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டபடியே ஏற்றுக்கொண்டார்.

நடந்ததை நான் சொல்லக் கேட்ட அந்த அம்மாள் நேரே மேலாளர் அறைக்குள் வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

"உங்க உத்தமர்கிட்ட அத்தனை கேள்வி கேட்டீங்களே, என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களா? எங்ககூட ஒருநாள் உக்காந்து சாப்பிட்டிருந்தா மூடி மாறுறது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"மேலாளர் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டா மரியாதை என்ன ஆகுறது?"

அன்றைக்கே அந்த அம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் மேலாளரின் மரியாதை இம்மியும் குறையவில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். இப்போது வீட்டிலும் அவருக்குச் சமமாக உட்கார்ந்து சாப்பிட ஒருவரும் இல்லை.