பாதி கிரைண்டரோட ஒரு ஊர்வலம்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாவு அரைக்கணும்.

வீட்டுக்கு ரெண்டு டம்ளர் மாவு இல்லீங்க. இங்க புனேல, எங்க அபார்ட்மென்ட் சொசைட்டியோட கணபதி பண்டிகையில தினமும் ஒரு விங், அதாவது ஒரு பிளாக்கு, காலை டிபன் போடணும். ஞாயித்துக்கிழமை எங்க விங். அறுபது பேரு. "இட்லி நாங்க பாத்துக்கறோம்"னு மீட்டிங்ல கையைத் தூக்கினது நான்தான்.

அதோட விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தானே! சொசைட்டி வாட்ஸப் குரூப்ல, "கடை மாவெல்லாம் மாவே இல்ல. கோயமுத்தூர் கிரைண்டர்ல, கல்லுல அரைச்ச மாவுல இட்லி சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் பேசலாம்"னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில நீளமா எழுதினேன். கிரைண்டரைத் தொடைச்சு, அது தோள்மேல கை போடாத குறையா நின்னு, ஒரு போட்டோவும் போட்டேன்.

குரூப்ல ஒரே கைத்தட்டல். செகரட்டரி தேஷ்பாண்டே காகா, சொசைட்டிக்கே சித்தப்பா, அவர் மட்டும் மராத்தியில "பாப்போம்"னு ஒரு வார்த்தை போட்டாரு. அந்த ஒரு வார்த்தை என் தூக்கத்தைக் கெடுத்துச்சு.

இங்க என்னைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடணும். நான் சாஃப்ட்வேர்ல தேதி. ஸ்கிரீன்ல ஒரு மூலையில தேதி வருதே, அதேதான். பன்னெண்டு வருஷமா அது மட்டும்தான் பாக்கறேன். அதுக்குப் பக்கத்துல வர்ற மணியைப் பத்தி யாராவது கேட்டா, "அது வேற டீம்"னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவேன். இதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

என் பொண்டாட்டி ஜெயா இதுக்கு நேர் எதிர். ஸ்கூல்ல எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்தக் கிளாஸ் இவளுக்கு. திங்கக்கிழமை கணக்கு, செவ்வாய் இந்தி, புதன் பி.டி. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ஒரு சப்ஜெக்டைப் புடிச்சு உருப்படற வழியைப் பாரு"ன்னு வாரம் ஒரு தடவையாவது அவளுக்கு உபதேசம் நடக்கும்.

சனிக்கிழமையும் அவளுக்கு ஸ்கூல். கிளம்பறப்ப கேட்டா, "நீங்களே அரைச்சுருவீங்களா? இல்ல நான் வந்து பாக்கட்டுமா?"

"ஒரு பட்டனைப் போடறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

பன்னெண்டு மணிக்கு டிரம்ல கல்லை மாட்டினேன். மாவைத் தள்ளி விடற பிளாஸ்டிக் தகட்டையும் மாட்டினேன். ஊறின உளுந்தைக் கொட்டி, தண்ணி ஊத்தி, மனசுக்குள்ள கணபதியைக் கும்பிட்டு ஸ்விட்சைப் போட்டேன்.

ம்ம்ம்ம்ம்ம்.

சத்தம் வருது, டிரம் சுத்தல. லேசா ரப்பர் வாசனை வேற.

ஆஃப் பண்ணிட்டு நிதானமா யோசிச்சேன். ஆபீஸ்ல நாங்க என்ன பண்ணுவோம்? பிரச்சினை இருக்கற பாகத்தைத் தனியாப் பிரிப்போம். சுத்த வைக்கிறது எது? மோட்டார். மோட்டார் எங்க இருக்கு? அடிப்பாகத்துல. அப்ப டிரம்முக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல! டிரம்மை உளுந்தோட அப்படியே மேடையில தூக்கி வெச்சுட்டு, அடிப்பாகத்தை மட்டும் கையில ஏந்திக்கிட்டுக் கிளம்பினேன். என் புத்திசாலித்தனத்தை நெனச்சு எனக்கே புல்லரிச்சுது.

போபோடி சந்துல ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை. கடைக்காரர் கண்ணாடியை ஏத்தி விட்டுப் பாத்தாரு.

"யே மிக்ஸர் நஹி ஹை."

"மிக்ஸர் மாதிரிதான் பையா. உள்ள மோட்டார்தான்."

"மாதிரியெல்லாம் தெரியாது சாப். நான் மிக்ஸர் மட்டும்தான். மோட்டார்னா கட்கி பஜார்ல காயில் சுத்தறவர்கிட்டப் போங்க."

நியாயமாத்தான் பட்டுச்சு. எனக்கு அந்த ஆளை ரொம்பப் புடிச்சும் போச்சு. நம்ம ஜாதி!

ஆட்டோ புடிச்சு கட்கி போனேன். மழை புடிச்சுக்கிச்சு. என் ரெயின்கோட்டைக் கழட்டி கிரைண்டருக்குப் போத்தி விட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில பாத்து, "கணபதியா சாப்?"னு பயபக்தியாக் கேட்டாரு. "இல்லீங்க, கிரைண்டர்"னேன். அவர் கண்ணாடியை வேற பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டாரு.

காயில்காரர் பெரிய மனுஷர். வயரை மாட்டி, மோட்டார்மேல காதை வெச்சு, டாக்டர் கணக்கா கண்ணை மூடிக் கேட்டாரு. மோட்டார் ஜம்முனு ஓடுது!

"ஏக்தம் ஜக்காஸ்"னு, அதாவது படு பிரமாதம்னு, சர்டிபிகேட் குடுத்தாரு.

"ஆனா வீட்டுல சுத்தலையே! ரப்பர் வாசனை வேற வந்துச்சு."

"என் மோட்டார் சுத்துது பாருங்க. அதுக்கு மேல இருக்கறது எதுவும் என்னுது இல்ல. ரப்பர் வாசனைன்னா பெல்ட்டு. கேம்ப் ஏரியாவுல பெல்ட்டுக்குன்னே ஒருத்தர் இருக்காரு."

இதே வசனத்தைத்தான் நான் பன்னெண்டு வருஷமா ஆபீஸ்ல சொல்லிட்டு இருக்கேன். எதிர்ப்பக்கம் நின்னு கேட்டது அன்னிக்குத்தான் முதல் தடவை. கேக்க நல்லாவே இல்ல.

கேம்புக்குப் போற வழியில ஜெயா போன் பண்ணினா.

"எங்க இருக்கீங்க? தேஷ்பாண்டே காகா மெசேஜ் போட்டிருக்காரு. உங்க போட்டோவைப் பாத்துட்டு பக்கத்து சொசைட்டில இருந்தும் வர்றாங்களாம். இப்ப எண்பது பேரு."

"வரட்டுமே."

"மாவு ஆச்சா?"

"ஆகிட்டே இருக்கு."

"பின்னாடி ஆட்டோ ஹாரன் கேக்குது?"

"ஜன்னல் தெறந்திருக்கு"ன்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டேன். நல்ல வேளை, போன்ல வேர்வை தெரியாது.

கேம்ப்ல ஒரே டிராபிக். ரெண்டரை மணி ஆயிடுச்சு. உளுந்து காலையில ஏழு மணியில இருந்து ஊறுது. இன்னும் கொஞ்ச நேரம் போனா ஊசிப் போயிடும். மாவு சாயந்திரத்துக்குள்ள அரைச்சாத்தான் காலையில பொங்கும். புனே மழைக் குளுருக்கு அது சந்தேகம்தான். எண்பது பேரு முன்னாடி பிஸ்கட் பாக்கெட்டோட நான் நிக்கிற காட்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. நெஜமாவே பயமாயிருச்சுங்க.

பெல்ட்டுக்காரர் அடிமூடியைக் கழட்டினாரு. பெல்ட்டை இழுத்தாரு, மடிச்சாரு, மோந்து பாத்தாரு.

"தஸ் சால் சலேகா." பத்து வருஷம் ஓடுமாம்!

"அப்ப ஏன் பையா சுத்தல?"

"எது சுத்தல?"

"டிரம்."

"டிரம் எங்க?"

"வீட்டுல. அது சும்மா பாத்திரம் பையா. அதுல ஒண்ணும் இல்ல."

என்னையும் அவர் கழட்டி வெச்ச அடிப்பாகத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அப்புறம் ரொம்ப மரியாதையா சொன்னாரு, "டிரம்முக்கு நான் ஆள் இல்ல சாப். அது வேற ஆளு."

மக்களே, நான் டிரம்முக்கான ஆளைத் தேடி அந்தத் தெருவுல இருபது நிமிஷம் நடந்தேன். பாத்திரக்கடை வாசல்ல நின்னு விசாரிக்கவும் செஞ்சேன். இதை உங்ககிட்ட மட்டும் சொல்றேன், ஜெயாவுக்குத் தெரிய வேண்டாம்.

நாலரை மணிக்கு தொப்பல் தொப்பலா வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். கிரைண்டர் மட்டும் காஞ்சு சுகமா இருந்துச்சு. ஜெயா அடுப்படியில நின்னுட்டு இருந்தா.

"மோட்டார் நல்லா இருக்கு"ன்னேன். "பெல்ட்டு புதுசு மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையில கில்லாடி."

"அப்ப எதுதான் நல்லா இல்லீங்க?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட ஆள் இல்ல.

மேடையில இருந்த டிரம்மைப் பாத்தா. "இது எங்கயும் போகலையா?"

"அது வெறும் பாத்திரம் ஜெயா."

உள்ள இருந்த கல்லைக் கையால சுத்திப் பாத்தா. அசையல. சேலையை இழுத்துச் சொருகிட்டு, முழங்கை வரைக்கும் உளுந்துக்குள்ள கையை விட்டா. ரெண்டு தடவை ஆட்டினா. ஒரு இழு.

அவ கையில அந்த பிளாஸ்டிக் தகடு. முனை நசுங்கி, கல்லு அழுத்தின தடத்தோட.

"இதை யாரு மாட்டினது?"

"நான்தான்."

"தலைகீழாவா?"

நான் ஜன்னல் வழியா மழையைப் பாத்தேன். நல்ல மழை.

"கல்லுக்கு அடியில போய்ச் சொருகிக்கிச்சுங்க. அதான் டிரம் நவுரல. பெல்ட்டு உரசி நாறியிருக்கு"ன்னு சொல்லிட்டே தகட்டை நேரா மாட்டி, டிரம்மைத் தூக்கி வெச்சு, ஸ்விட்சைப் போட்டா. கடகடன்னு சுத்த ஆரம்பிச்சுது. எனக்கு அழுகையே வந்துருச்சு. சந்தோஷமா அவமானமான்னு இன்னும் தெரியல.

"கிரைண்டர் ரிப்பேர் உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எங்கங்க தெரியும்? போன மாசம் சயின்ஸ் டீச்சர் லீவு, உராய்வு பாடம் எடுத்தேன். அதுக்கு முந்தி பி.டி. கிளாஸ்ல ஒரு புள்ளையோட துப்பட்டா சைக்கிள் சக்கரத்துல மாட்டிக்கிச்சு. சுத்தறது நின்னா எங்கயோ எதுவோ மாட்டியிருக்கும்ல. முழுசா ஒரு தடவை தடவிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

அப்புறம் உளுந்துல தண்ணி தெளிச்சுட்டே, ரொம்ப சாதாரணமா கேட்டா, "ஆமா, ஒரே மரத்தைப் பன்னெண்டு வருஷமா பாத்துட்டு நின்ன தச்சன் என்னத்த வெட்டினானாம்?"

நான் துண்டைத் தேடற மாதிரி வெளிய வந்துட்டேன்.

உளுந்தை மோந்து பாத்து, "தப்பிச்சுது"ன்னு அவளே தீர்ப்பும் சொல்லிட்டா. உளுந்து ரெண்டு தடவை, அரிசி நாலு தடவை. கல்லு ஓயவே இல்ல. குளுருக்கு பொங்காதுன்னு மாவுப் பாத்திரங்களுக்கு என் ஸ்வெட்டர், மப்ளர் எல்லாத்தையும் போத்தி விட்டா. வாய் திறக்கற தகுதி எனக்கு இல்லாததால பேசாம எடுத்துக் குடுத்தேன்.

காலையில மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்துச்சு.

இட்லி பூ மாதிரி வந்துச்சுங்க! எண்பது பேரும் சாப்பிட்டாங்க. தேஷ்பாண்டே காகா ஏழு இட்லி சாப்பிட்டாரு, நானே எண்ணினேன். கையைக் கழுவிட்டு, நோட்டை எடுத்துட்டு நேரா ஜெயாகிட்ட வந்தாரு.

"வஹினி"ன்னு அண்ணி முறை சொல்லிக் கூப்பிட்டாரு. "கடைசி நாள் பெரிய சாப்பாடு. இருநூறு பேரு. யார் யாருக்கு எந்த வேலைன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கிரைண்டர் யாரு, அடுப்பு யாரு, சாமான் யாரு, பரிமாறறது யாருன்னு ஜெயா மளமளன்னு சொல்லிட்டே போனா. நான் தொண்டையைச் செருமினேன். என்னை மேலயும் கீழயும் பாத்தா.

"இவருக்கு ஒரே ஒரு வேலை குடுங்க காகா. அப்பத்தான் நல்லா செய்வாரு."

காகா தலையாட்டிட்டு எழுதினாரு. எட்டிப் பாத்தேன். என் பேருக்கு நேரா, 'சின்னத் தட்டு எடுத்துக் குடுக்கறது மட்டும்'னு இருந்துச்சு.

பெரிய தட்டுக்கு வேற ஆள் போட்டிருக்காங்க.